தாரூட்டுக் கோலம்

எங்கள் வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் தாரூடு. கள்ளிக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். 'தாரூட்டு மருமவ' என்று யாராவது என்னைக் கூப்பிட்டால் எனக்குக் காது மடல் சுடும். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெயர் சொல்லி எழுத இப்போதும் கை வரவில்லை. இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

அக்காவுக்கு ஒரு வேலையை இரண்டாம் முறை செய்வதென்றால் உயிர் போய்விடும். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். நடவுக்கு இறங்கினால் பக்கத்து வரிசைக்காரிக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆனால் இன்று முடித்த வேலை நாளைக்கும் வந்து வாசலில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். "ஒரு தபா செய்யி, ஒழுங்கா செய்யி, அப்பால அத்த மற" என்பாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் ரவிக்கைக்கு ஒரு பித்தான் தைத்துக் கொடுத்தாள். ரவிக்கை நைந்து நூலாகப் போனது, பித்தான் போகவில்லை. துணிக்கொடிக்கு அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாமல் கடைசியில் அரிவாளால் அறுத்திருக்கிறோம்.

சண்டையும் அப்படித்தான். எங்கள் எதிர்வீட்டுக்காரி கோழி விஷயமாக ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "இனிமேங்காட்டி உன்னாண்ட பேச்சு இல்ல" என்று அக்கா சொன்னாள். சொன்னது சொன்னதுதான். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்த சண்டை அது. எதிர்வீட்டுக்காரிக்குப் பிரசவ வலி கண்டபோது முதலில் ஓடியவளும் அக்காதான். வெந்நீர் வைத்து, பிள்ளையை எடுத்து, கழுவித் துடைத்துத் தாய் பக்கத்தில் கிடத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இப்படியும் ஒரு பிறவியா, இவளைப் போய் என் பிறந்த வீட்டாருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நெற்றியில் குங்குமம் வைத்தால் வெயிலில் வழிகிறது, மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது என்று, புருவ நடுவில் துவரம்பருப்பு அளவுக்குப் பச்சை குத்திக்கொண்டிருந்தாள். "குறத்தியாண்ட குந்தினேன், கண்ண மூடினேன், முடிஞ்சுது. நீ தெனோம் கண்ணாடி பாத்துகினு கீறே" என்று என்னைக் கேலி செய்வாள். பச்சைப் பொட்டு குத்திக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் உண்டு. அதை ஒருவரும் தப்பாகப் பார்த்ததில்லை.

அவளால் ஒரே தடவையில் முடிக்க முடியாமல் இருந்தது வாசல் கோலம் ஒன்றுதான். காலையில் சாணி தெளித்துக் கோலம் போடுவாள். போட்டு நிமிர்வதற்குள் கோழி கிளறும். மாடு மிதிக்கும். மழை வந்தால் கேட்கவே வேண்டாம், வண்டிப்பாதையிலிருந்து எங்கள் கதவு வரைக்கும் முழங்கால் சேறு. அரிசி மாவு கையில் காய்வதற்குள் அழிந்துபோகிற கோலத்தைப் பார்த்து, "இதுக்கு இன்னாத்துக்குக் குனியணும்" என்று நிஜமாகவே வேதனைப்படுவாள்.

அப்போது யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்துக்காகப் புதுசு புதுசாக ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மூத்தார், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அந்த ரோடு வேலையில் மேஸ்திரி. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தால் அவருக்கு முன்னால் தார் வாசனை வரும். குளித்தாலும் போகாது. அதிர்ந்து பேசாத மனுஷர். அக்கா எது சொன்னாலும் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார், பிறகு அதைச் செய்துவிடுவார். பீப்பாய் அடியில் இறுகிக் கிடக்கிற தாரை யாரும் சீண்டுவதில்லை, கேட்டு எடுத்துவந்து வாசல் பாதைக்கு ஊற்றிவிடலாம், சேறு ஒழியும் என்று ஒரு நாள் சொன்னார்.

என் மாமியார் பதறிப்போனார். "வேண்டாதவன் மூஞ்சில தாரு பூசுவாங்க. நீ நம்ப வாசல்ல பூசுறேங்கிறியேடா. லச்சுமி வர்ற வாசல் கருப்பா கீலாமா?"

"வெறுமனே உட மாட்டாங்க யம்மா. மேல இன்னா வோணா பதிக்கலாம்" என்றார் மூத்தார். பட்டாளத்து துரை பங்களாக்களில் சிவப்புக் கிராவல் தூவி உருட்டியிருக்கிறார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் மருதாணி வைத்த கை மாதிரி இருக்குமாம். கிளிஞ்சல் தூவலாம். பூந்தமல்லியில் ஒரு பாய் வீட்டு வாசலில் கண்ணாடிச் சில்லு பதித்து, வெயில் பட்டால் கண்ணைப் பறிக்கிறதாம்.

அன்றைக்கு வீட்டில் ஆளுக்கொரு யோசனை. கிராவலைக் கோழி கிளறிவிடும் என்றார் மாமியார். கிளிஞ்சல் காலைக் கிழிக்கும் என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கண்ணாடிச் சில்லு மேல் ஆசை. மூத்தார் எதிரில் வாய் திறக்க முடியாதே, அடுப்பங்கரையில் வந்து அக்காவிடம் சொன்னேன். "கண்ணாடி மின்னும், அது கோலமாவுமா?" என்று கேட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்த அகப்பையிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை.

தாரில் பதிக்கிற கோலத்துக்கு வெங்கச்சங்கல்லை ஏரிக்கரையெல்லாம் தேடிப் பொறுக்கினாள். வெள்ளை வெளேர் என்று இருக்கும் கல் அது. ஒவ்வொன்றையும் உடைத்து ஒரே அளவாக்கினாள். காவிக் கரைக்கு ஓட்டுச் சில்லு. ஜல்லி பரப்பி, பீப்பாயை வெட்டிய தகரத்தில் தார் காய்ச்சி மூத்தார் ஊற்ற ஊற்ற, பின்னாலேயே அக்கா குந்திக்கொண்டு புள்ளி வைத்தாள். அவள் வைத்த ஒரு புள்ளி கோணவில்லை. சூடு ஆறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு கையாலும் அழுத்தினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம். "போதும் உடுமே, கையி வெந்துடும்" என்று மூத்தார் கத்தினார். "ஒரே தபா தான?" என்றாள். மேலே பனந்துண்டை நனைத்துப் போட்டு அண்ணனும் தம்பியும் உருட்டினார்கள். கறுப்புத் தரையில் வெள்ளைச் சிக்குக் கோலம், சுற்றிலும் செங்கரை. நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அழகு தெரியும். என் மாமியார் தன் கையால் அக்காவுக்குத் திருஷ்டி கழித்தார்.

மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். மார்கழியில் ஊர்ப் பெண்களெல்லாம் பனியில் குனிந்து கோலம் போட, அக்கா இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். ஊர் வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல் கேலியாயிற்று. ஒரு பாட்டன் காலத்துக் குடியானவன் வீடு, காரும் இல்லை குதிரையும் இல்லை, இதற்குத் தார் ரோடா என்றார்கள். தாரூடு என்ற பெயர் அப்போது வந்ததுதான். சித்திரை வந்ததும் அந்தக் கேலிக்கு நியாயமும் வந்துவிட்டது.

என் அண்ணன் எனக்குச் சீர் கொண்டு வந்தான். மரியாதை தெரிந்தவன், செருப்பை வண்டிப்பாதையிலேயே கழற்றிவிட்டான். உச்சி வெயில். தார் இளகிக் கிடந்தது. வாழைத்தாரும் வெற்றிலைத் தட்டுமாக நாலடி வைத்திருப்பான், அப்புறம் ஒரே குதி. தட்டு ஒரு பக்கம், வாழைத்தார் ஒரு பக்கம். எதிர்வீட்டுத் திண்ணையெல்லாம் சிரிப்பு. அக்கா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்து, நடுவாசலில் அவனை உட்காரவைத்து, காலைத் தன் மடியில் இழுத்து வைத்துத் தாரைத் துடைத்தாள். "ஒண்ணியும் இல்ல நைனா, எண்ண போட்டா போயிடும். கோலம் எப்டி கீது?" என்று வேறு கேட்டாள். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். நான் உள்ளே போய்க் குதிருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இதிலெல்லாம் வெட்கம் உண்டு, விபரீதம் இல்லை. விபரீதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எங்கள் பங்காளி வீட்டில் ஒரு கிழவர் செத்தபோது கொஞ்சம் தெரிந்தது. பங்காளிக்குத் தீட்டு உண்டு, தீட்டு கழிகிற வரைக்கும் வாசலில் கோலம் கூடாது. யாரும் போடவில்லை. ஆனால் அது அங்கே இருந்தது. மாமியார் அக்காவைப் பார்த்தார், அக்கா கோலத்தைப் பார்த்தாள். பிறகு நெல் கோணிகளைக் கொண்டுவந்து பாதை முழுக்க விரித்தாள். "கோணி மூடிகிச்சு, இப்ப கோலம் இல்ல" என்றாள். கோணி மேல் ஆடுகள் படுத்துக்கொண்டன. எல்லாரும் சிரித்தோம்.

ஆவடியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மூத்தார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மாட்டுவண்டியில் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். அவர் காலில் அன்றைக்குத் தெறித்த தார் இன்னும் பளபளவென்று இருந்தது.

அது அறுவடைக் காலம். கோணி ஒன்றுகூட வீட்டில் இல்லை, எல்லாம் களத்தில். அந்த நேரத்தில் யாருக்கு நினைவிருக்கும்? காலையில் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். திருநின்றவூரிலிருந்து மாலையோடு வந்த பெரியவர் ஒருவர் எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று தாண்டிப் போய்விட்டார். எதிர்வீட்டில் போய், "சாவு ஊடு எது?" என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரி கையை நீட்டிக் காட்டினாள்.

"அங்க கோலம் கீதே" என்றார் பெரியவர்.

அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் வண்டிப்பாதையிலேயே நின்றுவிட்டார்கள். "ஊட்ல பொணம் கீது, வாசல் சிரிச்சிகினு கீது" என்றார் ஒருத்தர். "கோலத்து மேல பாடை எப்டி போவும்?" என்றார் இன்னொருத்தர். வைக்கோலைப் பரப்பினார்கள், காற்று அடித்துக்கொண்டு போனது. கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார்கள், ஒரு கல் வரவில்லை. அக்கா பதித்தது அல்லவா. கடைசியில் என் வீட்டுக்காரர், கொல்லையில் மிச்சமிருந்த தார்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து, அதே தகரத்தில் போட்டு அடுப்பு மூட்டினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அண்ணன் ஊற்றிய பாதையில் தம்பி ஊற்றினார். வெள்ளைக் கோலம் விளிம்பிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது.

உள்ளே பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தோம். பிணத்தின் காலடியில் குனிந்து கிடந்த அக்கா சட்டென்று தலையைத் தூக்கினாள். மூக்கை உறிஞ்சினாள். அந்த முகத்தில் ஒரு நொடி வந்து போன வெளிச்சத்தை நான் எந்த ஜன்மத்திலும் மறக்க மாட்டேன்.

"அவுரு வாசன வருது" என்றாள். பிறகு, "ஆரு தாரு காச்சறது?" என்றாள்.

ஒப்பாரியை ஒருத்தி உரக்க எடுத்தாள், எல்லாரும் அதில் சேர்ந்துகொண்டோம்.

பாதையோடு போயிருந்தால் தேவலை. வாசலில் கிளம்பிய பேச்சு அவள் நெற்றிக்கு ஏறியது. முன்னேயே சொன்னேன், பச்சைப் பொட்டு குத்திய பெண்கள் தாலி இறக்கின பிறகும் அப்படியேதான் இருந்தார்கள், அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. ஆனால் கருமாதி அன்றைக்குக் குங்குமம் அழிக்க வந்த உறவுக்காரக் கிழவி, "வாசல்ல அழியாத கோலம், நெத்தில அழியாத பொட்டு. அவன் போயிடுவான்னு தெரிஞ்சி முன்னமே செஞ்சிகினாளா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஈரத்துணியால் தேய்த்தாள். துணி போதாமல் மணலை எடுத்துத் தேய்த்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், குறத்தியிடம் உட்கார்ந்த மாதிரியே இருந்திருக்க வேண்டும். ரத்தம் கசிந்தது, பச்சை போகவில்லை.

மாமியார்தான் போதும் என்று தடுத்தார். தடுத்துவிட்டு ஒரு வழி சொன்னார். "தெனோம் காலையில துன்னூறு கெட்டியா பூசிக்க. பச்ச தெரியக் கூடாது." என் பக்கம் திரும்பி, "தெரியுதா இல்லியான்னு நீ பாத்துச் சொல்லு" என்றார். விதவைக்குக் கண்ணாடி பார்க்கிற பழக்கம் இல்லை, அதனால் நான்.

அன்றிலிருந்து அதுதான் அக்காவுக்கு முதல் வேலை. கிணற்றடியிலிருந்து ஈரத்தலையோடு வருவாள். நான் திருநீற்றுக் கிண்ணத்தை நீட்டுவேன். பூசிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள்.

"தெரிதாமே?"

"கொஞ்சம் தெரியுதுக்கா."

இன்னும் பூசுவாள். "இப்போ?"

வியர்த்தால் வழிந்துவிடும். உச்சிப்பொழுதில் மறுபடி. யாராவது வருகிறார்கள் என்றால் மறுபடி. எந்த வேலையையும் இரண்டாம் தடவை செய்ய மாட்டேன் என்றிருந்தவள், அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்தாள் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு தடவைகூட அவள் முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். 'ஒரு தபா செய்யி' என்கிற பேச்சு அவள் வாயிலிருந்து போயே போய்விட்டது.

வாசலில் ஊற்றிய இரண்டாம் தார் மெல்லிசு. அவசரத்தில் ஊற்றியதுதானே, மேலே மணலும் போடவில்லை. நாங்கள் நடக்க நடக்க, வண்டி வர வர, அது தேய்ந்தது. முதலில் கதவோரம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. அடுத்த அறுப்புக்குள் கோலம் பாதிக்குமேல் வெளியே வந்துவிட்டது. வேறு யாரும் தேய்க்கவில்லை, எங்கள் வீட்டுக் காலே தேய்த்தது.

யாரோ மறுபடி பேசியிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் மாமியார் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஆவடியில தாரு கெடச்சா எட்துகினு வா, இன்னொரு தபா ஊத்திடலாம்" என்றார்.

அக்கா கூடத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். புடைப்பது நின்றது.

"அத்தே. நெத்திக்கி தெனோம் பூசிகினு தான் கீறேன். தரைக்காவது உட்டுடுங்களேன்."

சண்டைக்குக் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. கூலி கேட்கிற குரலில் கேட்டாள். என் வீட்டுக்காரர் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். தாரைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலையில் அக்கா கிணற்றடியிலிருந்து வந்தாள். கிண்ணத்தை நீட்டினேன். ஒரு விரல் எடுத்துப் பூசிக்கொண்டாள். ஈர நெற்றியில் திருநீறு திட்டுத்திட்டாக நின்றது, நடுவில் பச்சை நன்றாகத் தெரிந்தது. மணல் கிழித்த தழும்பு அதைச் சுற்றித் தெரிந்தது. வழக்கம்போல் முகத்தை எனக்கு நேராகக் காட்டினாள். பின்னால் மாமியார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"தெரிதாமே?"

"தெர்லக்கா" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். நான் பொய் சொல்வது அவளுக்குத் தெரியாதா? மாமியாருக்கும் கண் இருந்ததே. அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவதான் தெர்லங்கிறாளே. போய் கஞ்சி குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார்.

"ஒரு தபா சொல்லிட்ட இல்ல?" என்றாள் அக்கா. அந்தப் பேச்சை அவள் வாயிலிருந்து கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. "நாளிக்கி கேக்க மாட்டேன்."

கேட்கவில்லை. பூசவும் இல்லை. சாகிற வரைக்கும் அந்த நெற்றியில் பச்சைப் பொட்டு மட்டும்தான்.

அன்றைக்கு நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மாடத்தில் வைத்தேன். என் விரலில் திருநீறு ஒட்டியிருந்தது. அதை நெற்றியில் இட்டுக்கொள்ளவும் கூசியது, தண்ணீரில் கழுவவும் கூசியது. அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.